கடைசி பெஞ்சில் யார்? காவிரிப் படுகையில் தொலைநிலைவழி ஆங்கில ஆசிரியர் பயிற்சி

1. கேள்வி

தமிழுக்கென்றே 1981இல் தஞ்சாவூரில் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம், தன் தொலைநிலைக் கல்வி இயக்ககத்தின் வழியாக பி.எட். பட்டப்படிப்பையும் நடத்திவந்திருக்கிறது. தமிழாசிரியர்களுக்கு மட்டுமான படிப்பு அல்ல அது. கணிதம், அறிவியல், ஆங்கிலம் என்று மற்றப் பாடக்காரர்களும் அதில் சேர்கிறார்கள். ஓலைச்சுவடியும் கல்வெட்டும் ஆராய எழுப்பிய வளாகத்திலிருந்து ஆங்கில ஆசிரியர்கள் உருவாவதைக் கேலியாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலிக்கு இடமிருப்பதாகத் தோன்றவில்லை. காரணத்தைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

தொலைநிலைக் கல்வி பயன்தருமா என்ற விவாதம் பழையது. ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டத்தை வீட்டிலிருந்தே படித்துத் தேறியவர்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகளில் நிறையப் பேர். அவர்களுடைய படிப்பைக் குறைத்து மதிப்பிட எந்த நியாயமும் இல்லை. ஆனால் ஆங்கிலம் தெரிந்திருப்பது ஒன்று, அதை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கத் தெரிந்திருப்பது வேறொன்று. முன்னது படிப்பில் வருவது, பின்னது பழக்கத்தில் வருவது. சீவாளியை உதட்டில் எப்படிப் பிடிப்பது என்று புத்தகத்தில் படித்து நாகஸ்வரம் வாசிக்க முன்வருகிறவரை தஞ்சாவூர்க்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மொழி கற்பிப்பதும் அந்த வகைத் தொழில்தான் என்றால், அதற்கான பயிற்சி தபாலிலும் இணையத்திலும் எவ்வளவு தூரம் போய்ச் சேரும்? எது சேராமல் நின்றுவிடும்? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

2. அருகிருந்து கற்ற காலம்

தஞ்சைக்கு ஆங்கிலக் கல்வி வந்த கதை, சென்னையில் இராஜதானிக் கல்லூரி தோன்றுவதற்கும் முந்தியது. தஞ்சை அரண்மனையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஜான் சல்லிவன், மதபோதகர் சுவார்ட்ஸின் துணையோடு 1780களின் நடுவில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகளுக்கு வழிசெய்தார். பின்னர் மன்னரான இரண்டாம் சரபோஜி சுவார்ட்ஸின் மேற்பார்வையில் வளர்ந்தவர். அடுத்த நூற்றாண்டில், 1854இல் மாகாணப் பள்ளியாகத் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரி, தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயரெடுத்தது. வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி அங்கே படித்து, மாயவரத்தில் பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, ஆங்கிலேயர்களே வியக்கும் ஆங்கிலப் பேச்சாளரானார். அதே கல்லூரியில் 1904இல் சேர்ந்த இராமானுஜன் ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார் என்பதும் இந்தப் பெருமையோடு சேர்ந்தே நினைவுக்கு வர வேண்டியது.

இந்தக் கதையில் எல்லாமே அருகிருந்து நடந்தவை. நல்ல ஆசிரியர், எதிரில் மாணவர், நடுவே மேசை. அந்த மேசைக்கு முன்னால் உட்கார முடிந்தவர்கள் யார் என்பதும் தெரிந்ததே: பெரும்பாலும் ஆற்றங்கரை அக்ரகாரங்களையும் நிலமுள்ள குடும்பங்களையும் சேர்ந்த ஆண்பிள்ளைகள். வயலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த ஆங்கிலம் எட்டவில்லை. தொலைநிலைப் பயிற்சியின் குறைகளைப் பேசும்போது இதை மறந்துவிட்டால், கும்பகோணத்தின் பழைய பெருமையை ஏங்கிப் பேசுவதாக முடிந்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் பெண்களும் கிராமப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு முடித்தது அஞ்சல்வழிக் கல்வியால்தான்.

3. பனிப்பந்து

ஒரு மாநிலத்துக்கே ஆங்கில ஆசிரியர் பயிற்சியைக் கொண்டுபோகும் பெருமுயற்சி 1950களின் இறுதியில் நடந்தது. சென்னை மாநில அரசும் பிரிட்டிஷ் கவுன்சிலும் சேர்ந்து, தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரத் திட்டமிட்டன. அதில் பங்கேற்ற டி.ஏ. ஸ்மித் 1962இல் எழுதிய கட்டுரை அதைச் சென்னைப் பனிப்பந்து என்று குறிப்பிட, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நிபுணர் சிலர் ஒரு குழுவைப் பயிற்றுவது, அக்குழு மாவட்டங்களுக்குப் போய்ப் பெரிய குழுக்களைப் பயிற்றுவது, அவர்கள் வழியாகப் பள்ளி ஆசிரியரைத் தொடுவது. உருள உருளப் பந்து பெருக்கும் என்பது நம்பிக்கை. பனியே பார்த்திராத நாட்டில் வைத்த பெயர் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த எண்ணம் சென்னைக்குப் புதிதும் அல்ல. 1790களில் எழும்பூர் ஆண்கள் காப்பகத்தில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைத்தார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையையும் மணலில் எழுதிப் பழகுவதையும் பார்த்துச் செய்த ஏற்பாடு, 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. ஆசிரியர் குறைவாக இருக்கும் இடத்தில் கற்பித்தலை அடுக்கடுக்காக இறக்குவது அப்போதும் சிக்கனமாகத் தெரிந்தது, இப்போதும் அப்படித்தான் தெரிகிறது.

பனிப்பந்து கொண்டுபோன சரக்கு, கட்டமைப்பு முறை எனப்படுவது. ஆங்கில வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் ஒரு சூழலில் வைத்துக் காட்டி, வாய்மொழியாகப் பலமுறை பழக்குவது. மேசைமேல் புத்தகத்தை வைத்து 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது' என்ற ஆங்கில அமைப்பைக் காட்டினால், மொழிபெயர்ப்பு இல்லாமலே பொருள் விளங்கும் என்பது அடிப்படை. மூலத்தில் அதில் ஒரு நளினம் இருந்தது: அமைப்பைப் பழக்குவதற்கு முன் அந்தச் சூழலை ஆசிரியர் உயிரோடு உருவாக்க வேண்டும்.

மூன்றாம் அடுக்குக்கு வந்தபோது இந்த நளினம் என்னவாயிற்று என்பதில்தான் படிப்பினை இருக்கிறது. டெல்டாவில் பிறந்த எவருக்கும் இங்கே ஓர் உவமை தோன்றும்: மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரும்போது குறைந்துவிடுவதுபோல. நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். கடைமடைக்கு வருவது சொற்பமானாலும் அது தண்ணீர்தான், பயிர் அதைத் தண்ணீராகவே உறிஞ்சும். பயிற்சி இறங்கும்போது அளவில் குறைவதோடு நிற்பதில்லை, வேறு பொருளாகவே மாறிவிடுகிறது. சூழல் கழன்றுபோக, வாக்கிய அமைப்பு மட்டும் மிஞ்சி, அது வகுப்பில் கோரஸாக ஒப்பிக்கும் வாய்ப்பாடாகிவிட்டது. ஆசிரியர் சொல்ல, ஐம்பது குரல் திரும்பச் சொல்லும். பயிற்சியின் வெளிவடிவம் முழுவதும் அங்கே இருக்கும், அதன் காரணம் மட்டும் இருக்காது.

இந்த அனுபவத்தை நெருக்கமாகப் பார்த்தவர்களில் ஒருவர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு. கட்டமைப்பு முறையில் தென்னிந்திய ஆசிரியர்களிடையே வளர்ந்த அதிருப்தியிலிருந்துதான் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் சில பள்ளிகளில் அவர் நடத்திய பரிசோதனை பிறந்தது. இலக்கணத்தை முன்வைக்காமல், வரைபடம் பார்ப்பது, ரயில் அட்டவணையிலிருந்து கணக்கிடுவது போன்ற செயல்களின் ஊடாக மொழி படியவிடும் அந்த முயற்சி உலகெங்கும் பெங்களூர்த் திட்டம் என்று பேசப்பட்டது. அதைவிட, 1990இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை நம் கேள்விக்கு நெருக்கமானது. சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று அதில் வாதிட்டார். தான் செய்வது ஏன் பலிக்கிறது என்பது பற்றி ஓர் ஆசிரியருக்கு உள்ளே ஒரு பொருத்த உணர்வு இருக்கிறது. அது உயிரோடு இருந்தால் எந்த முறையும் ஓரளவு பலிக்கும், மரத்துப்போனால் எந்த முறையும் சடங்காகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இது சரியென்றால், பனிப்பந்தின் தவறு தொலைவில் இல்லை. முறையை ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்பலாம் என்று நினைத்ததில் இருக்கிறது. அஞ்சல்வழிப் பயிற்சியும் அதே பொட்டலத்தைத்தான் கட்டியதா என்று பார்க்க வேண்டும்.

4. தபாலில் வந்த பாடங்கள்

இந்தியாவில் பல்கலைக்கழக அஞ்சல்வழிக் கல்வி 1962இல் டில்லியில் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், கொள்ளிடத்துக்கு வடக்கே சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் இதில் இறங்கின. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் வந்தன. இவற்றுள் ஆங்கிலம் கற்பித்தலுக்கென்றே தனிப் படிப்பு வைத்தவை சில. ஹைதராபாத்தில் 1958இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனம், இன்றைய ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், தன் முதுநிலைச் சான்றிதழை 1980களில் அஞ்சல்வழிக்கும் விரித்தது. பாடங்கள் வீட்டுக்கு வரும், ஆனால் ஒலியியலுக்கும் கற்பித்தல் பயிற்சிக்கும் நேரில் போய்த் தங்கித்தான் ஆக வேண்டும். இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தின் ஆறு மாதச் சான்றிதழ் எழுத்துவழி ஒப்படைப்புகளையும் தேர்வையும் நம்பி நடப்பது. ஒரே பெயருள்ள பயிற்சிக்குள் இப்படி இரு வேறு கொள்கைகள் இருப்பதைச் சேருகிறவர்கள் கவனிப்பதில்லை.

கவனிக்காததற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் கூடுதல் பட்டம் பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு கிடைக்கும் என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்து, 2020இல் நிறுத்தப்பட்டது. இடைநிலை ஆசிரியர் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர பி.எட். வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து அஞ்சல்வழிக் கல்விக்குப் பெரும் மாணவர் கூட்டத்தைத் தந்தன. பட்டத்துக்காகச் சேர்ந்தார்கள் என்று ஆசிரியர்களைக் குறைசொல்வது எளிது. சம்பளத்தைப் பட்டத்தோடு கட்டியது அரசு. வகுப்பறையில் என்ன மாறியது என்று கேட்டு ஊதிய உயர்வு தரும் வழக்கம் அப்போதும் இல்லை.

விளைவு பாடப்பொருளில் தெரிகிறது. தொலைநிலை பி.எட். பாடநூல்களில் ஆங்கிலம் கற்பித்தல் என்ற தாள் பெரும்பாலும் முறைகளின் வரலாறாக இருக்கும்: இலக்கண மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, கட்டமைப்பு முறை, தொடர்பாடல் முறை, ஒவ்வொன்றின் நிறைகள் ஐந்து, குறைகள் ஐந்து. தேர்வில் எழுதத் தோதானவை. ரெக்கார்டு நோட்டுகள் கைமாறிக் கைமாறி எழுதப்படுவதும் ஊரறிந்த செய்தி.

கட்டுப்பாடு ஒரு பக்கத்திலிருந்து வந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் முதலியோருக்கே தொலைநிலை பி.எட். திறந்திருக்கிறது. இது தடையாகப் பார்க்கப்பட்டாலும் அதற்குள் ஒரு நல்ல ஊகம் இருக்கிறது: தொலைவிலிருந்து பயிற்ற வேண்டுமானால், பயிற்சி பெறுபவர் கையில் ஒரு வகுப்பு இருக்க வேண்டும்.

எதிர்த்திசையில் இழுத்த நிகழ்வு, பயிற்சி பெறாமலே பணியிலிருந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 2017 முதல் 2019 வரை நடத்திய பட்டயப் படிப்பு. நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்தனர். பாடங்கள் இணையத்திலும் தொலைக்காட்சியிலும் வந்தன. அதன் பதினெட்டு மாதக் காலம் இரண்டாண்டுப் பட்டயத்துக்கு ஈடாகாது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிப்புத் தொடங்கும்போதே பணியிலிருந்தோருக்கு 2024இல் விலக்குத் தந்து தெளிவுபடுத்தியது. வழக்கு முழுவதும் மாதக் கணக்கில் நடந்தது. அந்தப் பயிற்சியில் எவர் வகுப்பை எவர் எத்தனை முறை பார்த்தார் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

5. ஆறு மணி நேரம்

ஒப்பிட்டுப் பார்க்க வெளியே ஓர் அளவுகோல் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா சான்றிதழ் உலகின் பல நாடுகளில் ஆங்கில ஆசிரியருக்கான தொடக்கத் தகுதி. சுமார் 120 மணி நேரப் படிப்பில் ஆறு மணி நேரம், உண்மையான மாணவர்கள் முன்னால், பயிற்றுநர் பார்க்கக் கற்பித்தாக வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் முழுப் படிப்பும் இணையத்துக்கு மாறியபோதும் அந்த ஆறு மணி நேரத்தைக் கைவிடவில்லை, திரை வழியாகப் பார்த்தார்கள். இணையத்தில் விற்கப்படும் மலிவுச் சான்றிதழ்கள் பல இதிலிருந்து 120 மணி என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆறு மணியை விட்டுவிட்டன. நம்மூர் இளைஞர்கள் வளைகுடாவுக்கோ கிழக்காசியாவுக்கோ போகும் நினைப்பில் பணம் கட்டும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் வகுப்பின் கடைசி பெஞ்சில் யார் உட்காருவார்?

பணியிலிருக்கும் ஆசிரியர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. இவர்களுக்கு வகுப்பு இருக்கிறது, பார்க்கத்தான் ஆளில்லை. வேதாரண்யம் பக்கத்து ஈராசிரியர் பள்ளியில் பணிபுரிகிற ஒருவர் நேர்முக வகுப்புக்காகச் சனிக்கிழமை விடியலில் பஸ் ஏறி, மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து தஞ்சாவூர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவர் கேட்பது விரிவுரை. வீட்டில் பாடநூலில் படித்ததையே ஒருவர் மேடையில் நின்று சொல்கிறார். திங்கட்கிழமை காலை அவருடைய வகுப்பில் நடப்பதை யாரும் பார்ப்பதில்லை, அவரும் யாரிடமும் காட்டுவதில்லை. நேர்முக வகுப்பு என்ற பெயரில் ஆட்கள் நேரில் வருகிறார்கள், கற்பித்தல் மட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

கைப்பேசி இதை மாற்றக்கூடியது. 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நுண்ணிலைக் கற்பித்தலை உருவாக்கியபோது ஐந்து நிமிடப் பாடத்தைப் படம்பிடித்துத் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு பெரிய கருவியே தேவைப்பட்டது. நம் பி.எட். படிப்பு அந்தப் பயிற்சியின் பெயரை எடுத்துக்கொண்டு, படம்பிடிப்பதை விட்டுவிட்டது. இன்று அந்தக் கருவி ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் இருக்கிறது. இல்லாதது, அனுப்பிய பத்து நிமிடக் காட்சியைப் பார்த்து, ஏழாவது நிமிடத்தில் கேள்வி கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள் என்று எழுதும் ஒருவர். அவருக்குச் சம்பளம் தர வேண்டும். அச்சிட்ட பாடம் ஆயிரம் பேருக்குப் போனாலும் கூடுதல் செலவு சொற்பம். பார்ப்பவரின் செலவு தலைக்குத் தலை ஏறும். தொலைநிலைக் கல்வி வருமானம் தரும் துறையாக நடத்தப்படும்வரை இந்தச் செலவை எந்த நிறுவனமும் தானாக ஏற்காது என்றே நினைக்கிறேன்.

6. குற்றியலுகரம் தெரிந்த ஆங்கில ஆசிரியர்

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொன்னதற்கு இப்போது வருகிறேன். ஹைதராபாத்திலும் டில்லியிலும் எழுதப்படும் பாடம் எல்லா மாநிலத்துக்கும் பொதுவானது. டெல்டாப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்கும் குழந்தை பொதுவான குழந்தை அல்ல, தமிழ்க் குழந்தை.

அது 'புக்கு', 'கேட்டு', 'பஸ்ஸு' என்கிறது. சோம்பலோ கிராமத்து நாக்கோ காரணமல்ல. தமிழில் வல்லின மெய்யில் சொல் முடிவதில்லை, முடிய நேர்ந்தால் குற்றியலுகரம் என்ற குறுகிய உகரம் வந்து ஏந்திக்கொள்ளும். 'இஸ்கூல்' என்பதும் அப்படியே, சொல் தொடக்கத்தில் மெய்ம்மயக்கம் ஏற்காத மொழியின் பழக்கம். ககரத்தின் வன்மையும் மென்மையும் தமிழில் இடத்தைப் பொறுத்தவை: சொல்முதலில் வன்மை, தங்கம் என்பதில் மெல்லினத்தின் பின் மென்மை. ஆங்கிலத்தில் அதுவே பொருளை மாற்றும். குளிருக்குப் போடும் மேலங்கிக்கும் ஆட்டுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் இரண்டும் தமிழ் எழுத்தில் 'கோட்' என்றே வரும். உச்சரிப்பைத் தமிழில் அச்சிட்டுத் தரும் கைடுகள் ஆசிரியரையும் மாணவரையும் ஒரே பள்ளத்தில் இறக்குவது இதனால்தான்.

வாக்கியத்திலும் இப்படித்தான். 'என் அப்பா விவசாயி' என்பது தமிழில் முழு வாக்கியம், பெயர்ப்பயனிலை கொண்டது. குழந்தை 'மை ஃபாதர் ஃபார்மர்' என்று எழுதினால் அது விட்டுவிட்ட வினை, அதன் மொழியில் இல்லாத வினை. 'ஐ டிட் நாட் வென்ட்' என்ற புகழ்பெற்ற பிழைக்கோ தமிழே மருந்து தருகிறது. 'போகவில்லை' என்பதில் 'போக' காலம் காட்டுவதில்லை. ஆங்கில எதிர்மறையிலும் முதன்மை வினை அப்படித்தான் நிற்கிறது. இந்த ஓர் ஒப்புமையை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடலாம். அதைச் சொல்லித்தரும் பயிற்சித் தாளை நான் பார்த்ததில்லை.

மறுப்பும் உண்டு. இரு மொழிகளை ஒப்பிட்டால் பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை 1957இல் மொழியியலாளர் ராபர்ட் லாடோவின் நூலோடு உச்சத்துக்குப் போய், பத்தாண்டுக்குள் ஆட்டம் கண்டது. கற்பவர் செய்யும் பிழைகள் பலவற்றுக்குத் தாய்மொழி காரணமில்லை, மொழி உள்ளே ஒழுங்குபெற்றுவருவதன் அடையாளம் அவை என்று பிட் கார்டர் 1967இல் எழுதினார். 'வென்ட்' பிழையையே பல மொழிக் குழந்தைகளும் செய்கிறார்கள் என்பது இதற்குச் சான்று. ஆகவே தமிழ் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் நம் பயிற்சிப் படிப்புகள் வைத்திருக்கும் நிலை அந்த விவாதத்திற்குள்ளேயே வரவில்லை. ஆங்கில வகுப்பில் தமிழைத் தவிர்க்க வேண்டும் என்று அவை கற்பிக்கின்றன. கிராமத்து ஆசிரியர் வரிக்கு வரி தமிழில் சொல்லியே பாடம் நடத்துகிறார், ஆய்வு அலுவலர் வரும் நாளில் மட்டும் நிறுத்திவிடுகிறார். தடை செய்யப்பட்டதால் தமிழை எப்போது, எவ்வளவு, எதற்குப் பயன்படுத்துவது என்பது பயிற்சிக்குரிய பொருளாகவே ஆகவில்லை. வகுப்பில் அதிகம் நடக்கும் செயலுக்குத்தான் பயிற்சியே கிடையாது.

தமிழ் இலக்கணம் அறிந்தவர்களும் ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்தவர்களும் ஒரே வளாகத்தோடு தொடர்புள்ளவர்களாக இருப்பது தஞ்சையில் தற்செயலாக அமைந்திருக்கிறது. ஒப்படைப்பு ஒன்றை இப்படி வைத்துப் பார்க்கலாம். உங்கள் வகுப்பில் இந்த வாரம் கேட்ட ஐந்து பிழைகளைக் கைப்பேசியில் பதிவுசெய்க. எவை தமிழிலிருந்து வந்தவை, எவை வேறெங்கிருந்தோ வந்தவை என்று பிரித்துக் காரணம் எழுதுக. ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் கற்பித்து அக்காட்சியை அனுப்புக. இதை அடுத்தவர் நோட்டிலிருந்து பார்த்து எழுத முடியாது, ஏனென்றால் அந்த ஐந்து பிழைகள் அந்த வகுப்பில் மட்டுமே பிறந்தவை. குறுவைக்கு நாற்றங்கால் போட்டிருக்கும் ஜூனிலும், சம்பா வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும் நவம்பரிலும், யாரும் பஸ் ஏறாமலே இது நடக்கும். திருத்துகிறவர் மட்டும் வேண்டும். குற்றியலுகரமும் ஆங்கில ஒலியியலும் ஒருங்கே தெரிந்த, நூறு காட்சிகளைப் பொறுமையாகப் பார்க்கச் சம்பளம் பெறும் ஒருவர். அந்தப் பணியிடத்தைத் தமிழ்த் துறையில் தோற்றுவிப்பதா, கல்வியியல் துறையிலா என்ற கோப்பு இனிமேல்தான் எழ வேண்டும்.